ஒரே ஒருமுறை ஓடும் தட்டு

பிப்ரவரி 4

அன்புள்ள மைத்துனருக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டாயிற்று. ஆகையால் சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். எடை அளவு ஆய்வாளராக முப்பத்தாறு வருடம் அறிக்கை எழுதிய கை. வேறு விதமாக எழுத வரவில்லை.

1. நலம்.
2. வீட்டிலுள்ள இசைத்தட்டுகளை நான் கணினியில் ஏற்றி வருவது.
3. சில தட்டுகளில் உள்ள கீறல்கள்.
4. உங்களிடம் இருக்கும் ஒரு தட்டு.
5. உங்கள் அக்காவின் குரல் இயல்பிலேயே தாழ்ந்த குரல் என்பதும், அவள் பாட்டை விட்டதற்கு நான் காரணமில்லை என்பதும்.
6. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. நான் நலம். முழங்கால்தான் சொன்னபடி கேட்பதில்லை. உங்கள் மனைவியும் மகளும் நலமா? தையல் மெஷின் பழுது பார்க்கும் கடையை இன்னும் நடத்துகிறீர்களா என்று தெரியவில்லை. பழைய விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

இரண்டாவது. உங்கள் அக்கா இருந்தவரை தட்டுகள் அவள் பொறுப்பு. வாங்கி வருவது நான், போட்டுக் கேட்பது அவள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. முப்பத்தொன்று பழைய அரக்குத் தட்டுகள், கை தவறினால் ஓடு போல உடையும் வகை. மீதி வினைல். சென்ற மழையில் அலமாரியின் பின்சுவரில் ஈரம் ஏறி நான்கு உறைகளில் பூஞ்சை படர்ந்திருந்தது. அவள் போன பிறகு அந்தக் கதவை நான் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று தொடங்கினேன். ஒரு நாளைக்கு இரண்டு தட்டு, அதற்கு மேல் இல்லை. வினைலைக் கழுவிக்கொள்ளலாம். அரக்குத் தட்டின் மேல் ஸ்பிரிட் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். இதை ஒரு தட்டைக் கெடுத்துக் கற்றேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்ற பிறகு, மதியம் இரண்டு மணிக்கு, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, குளிர்பெட்டியையும் அணைத்துவிட்டு உட்காருவேன். ஒவ்வொரு தட்டையும் இரண்டு முறை ஓட்டுகிறேன். முதல் முறை அளவு பார்க்க: குரல் எங்கே மிக உரக்க எழுகிறதோ அங்கே பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரியக்கூடாது, எரிந்தால் அளவுத் திருகைக் குறைக்க வேண்டும். இரண்டாம் முறைதான் பதிவு. சிவப்பு எரிந்தபடி பதிவான ஒலி கிழிந்த ஒலி. அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் தைக்க முடியாது.

மூன்றாவது. சில தட்டுகளில் ஒரே இடத்தில் சொடுக்குச் சத்தம் கொத்தாக வருகிறது. யாரோ முள்ளைத் திரும்பத் திரும்பப் போட்டு விளையாடியது போல. நீங்கள் சிறு வயதில் விடுமுறைக்கு வந்து எங்களோடு தங்கியதை நினைத்துக்கொண்டேன். குற்றம் சொல்லவில்லை. சிறுபிள்ளைக் கை. நான் அதை எப்போதோ மன்னித்துவிட்டேன்.

நான்காவது. அவள் பத்தொன்பது வயதில், எங்கள் திருமணத்துக்கு மூன்று வருடம் முன்பு, பாடிப் பதிந்த தட்டு. பாடப் பாட அங்கேயே வெட்டிக் கையில் கொடுக்கும் வகை. அலுமினியத் தகட்டின் மேல் கறுப்புப் பூச்சு, ஒரே பிரதி. முள் ஓடும் ஒவ்வொரு முறையும் பூச்சு தேயும் என்று சொல்லி அவள் அதை யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை, எனக்கும்தான். அடக்கம் முடிந்த மறுநாள் நீங்கள் அதை ஒரு துண்டில் சுற்றி எடுத்துப் போனீர்கள். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். அவ்வகைத் தட்டில் வயதானால் பூச்சு சுருங்கும், தகடு சுருங்காது. ஒருநாள் பூச்சு வெடித்து உரிந்துவிடும் என்று படித்தேன். அவள் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை.

ஐந்தாவது. அன்று எல்லார் முன்பும் நீங்கள் சொன்னீர்கள்: "எங்க அக்கா வாயைப் பூட்டினதே நீங்கதான்." அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். பாடாதே என்று அவளிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை. அவளுக்குத் தாழ்ந்த குரல். சமையலறையில் முணுமுணுப்பாள், அடுத்த அறைக்குக் கேட்காது. புதிதில் இருந்த ஆசை பிறகு தானாகக் குறைந்தது. பலருக்கும் அப்படித்தானே.

ஆறாவது. அந்தத் தட்டை ஒரு வாரம் எனக்குத் தர வேண்டும். பதிவு செய்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அத்தான்

&nbsp;

பிப்ரவரி 15

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. தடித்த உறை, கோணாத எழுத்து. ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து, கடையில் இருந்தவரை அனுப்பிவிட்டுத்தான் பிரித்தேன். மனைவியிடம் படித்துக் காட்டினேன். "உங்க அத்தான் நலம் விசாரிக்கிறதுக்குக்கூட நம்பர் போடுவாரா?" என்றாள். தராசு என்று நாங்கள் உங்களுக்கு வைத்த பேர் வீண்போகவில்லை.

நானும் நம்பர் போட்டே சொல்கிறேன். ஒன்று, எல்லாரும் நலம். கடை நடக்கிறது. இரண்டு, செய்யுங்கள், நல்ல காரியம். மூன்று, நான் உங்கள் வீட்டில் தங்கியது இரண்டே விடுமுறை. அந்த இரண்டில் கீறியது ஒரே தட்டு, அதற்கு அக்காவிடம் முதுகில் வாங்கியும் ஆயிற்று. மற்றதற்கெல்லாம் நீங்கள் மன்னிக்கத் தேவையில்லை. நாலு, ஆறு இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்: தர மாட்டேன்.

ஐந்துதான் எனக்குப் புரியவில்லை. யாருடைய அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்?

எங்கள் அக்கா கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டே பாடினால் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் கேட்பார். சாயங்காலம் அப்பாவை நிறுத்தி வைத்து, "இன்னிக்கு ரெண்டாவது அடியில பொண்ணு கொஞ்சம் சறுக்கிடுச்சே, சளியா?" என்று விசாரிப்பார். அந்தத் தட்டு வெட்டிய அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன், ஒன்பது வயது. சின்ன அறை, சுவரெல்லாம் சாக்கு அடித்திருந்தது. மெஷின்காரர் ஆரம்பித்த உடனே நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்து, "ரெண்டு அடி தள்ளி நில்லும்மா, என் மெஷின் தாங்காது" என்றார். அவள் சுவரில் முதுகு முட்ட நின்று பாடினாள்.

இந்தப் பெண் உங்கள் வீட்டுக்கு வந்து அடுத்த அறைக்குக் கேட்காமல் முணுமுணுத்தாள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அதற்குக் காரணம் நீங்கள் இல்லை என்றும் எழுதுகிறீர்கள். இரண்டையும் உங்கள் தராசிலேயே வைத்துப் பாருங்கள்.

மைத்துனன்

&nbsp;

பிப்ரவரி 27

அன்புள்ள மைத்துனருக்கு,

பதில் எழுதியதற்கு நன்றி. எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இத்துடன் ஒரு பென்டிரைவ் அனுப்பியிருக்கிறேன். உங்கள் அக்காவுக்குப் பிடித்த ஆறு தட்டுகள் அதில் இருக்கின்றன. உங்கள் மகளிடம் கொடுத்தால் போட்டுக் காட்டுவாள். என் வேலை எப்படி இருக்கிறது என்று நீங்களே கேட்டு முடிவு செய்யலாம் என்பதற்காக அனுப்புகிறேன். வேறு நோக்கமில்லை. இருக்கிறது, அதை மறைப்பானேன். நம்பிக்கை வந்தால் அந்தத் தட்டைத் தருவீர்களோ என்ற நோக்கம்தான்.

நான்காவதாக இருப்பதைக் கவனிக்கவும். மூன்றாம் நிமிடத்தில் கொத்தாக இருந்த சொடுக்குகளை மென்பொருளால் முழுக்க அகற்றிவிட்டேன். எங்கே இருந்தன என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. ஒருவேளை ஒரே தட்டு என்ற உங்கள் நினைவு பிசகியிருக்கலாம். நான் ஒவ்வொரு தட்டையும் வாங்கிய அன்றே உறையின் மூலையில் என் கையால் தேதி எழுதி வைப்பவன். இதில் 14-6-1981 என்று இருக்கிறது. ஆகவே என் பக்கத்தில் குழப்பத்துக்கு இடமில்லை.

உங்களிடம் உள்ள தட்டைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். அதன் மேல் வெள்ளையாக மாவு போலப் பூத்திருந்தால் அது பூஞ்சை அல்ல, பூச்சிலிருந்தே கசிவது. எதனாலும் துடைக்க வேண்டாம். படுக்கவைத்து மேலே எதையும் அடுக்கவும் வேண்டாம்.

ஐந்தாவது விஷயம் இப்போது வேண்டாமே. சைக்கிள் கடைக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சிறு வயதில் எல்லாச் சத்தமும் பெரிதாகத்தான் கேட்கும். வீடுகூட அப்போது பெரிதாக இருந்திருக்கும்.

அத்தான்

&nbsp;

மார்ச் 12

அத்தானுக்கு,

பென்டிரைவைக் கடையிலேயே போட்டுக் கேட்டேன். எதிரே ஒரு அம்மா மெஷினைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "யாருங்க இவ்வளவு சுத்தமா பதிஞ்சது?" என்றார். எங்கள் அத்தான் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது.

வேலை சுத்தம். அதில் குறை இல்லை.

ஆனால் என்னைக் கூண்டில் ஏற்றும்போது தேதியைப் பார்த்து ஏற்றுங்கள். 1981-ல் எனக்கு இருபத்தொரு வயது. துறைமுகத்து ஊரில் பை தைக்கும் தொழிற்சாலையில் மெஷின் பிரிவில் இருந்தேன். உங்கள் ஊருக்கு ரயிலில் ஒன்றரை நாள். அங்கே இருந்த நாலு வருடமும் உங்கள் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. பொங்கிப் பொங்கி அக்கா எழுதிய கடிதம் இருக்கிறது, "நீ என்ன மந்திரியா, வர நேரமில்லையா" என்று. நீங்கள் அலுவலகத்தில். பிள்ளை குட்டியும் உங்களுக்கு இல்லை. அப்புறம் அந்த வீட்டில் முள்ளைப் போட்டு விளையாட யார் இருந்தார்கள்? நீங்களே யோசியுங்கள். நான் சொன்னால் சண்டைக்கு வந்ததாக ஆகும்.

இன்னொன்று. உங்கள் எச்சரிக்கை ஒரு வருடம் தாமதம். வெள்ளை பூத்திருந்தது. போன வருடம் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன். திட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். பளபளப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று துண்டைப் பிரித்துப் பார்த்தபோது ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து துண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் தகடு தெரிகிறது.

மைத்துனன்

&nbsp;

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

ஓரம் பெயர்ந்தது என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் நான் கேட்டதைத் திரும்பக் கேட்கப் போவதில்லை. அதற்கு முன் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: கீறல்கள் உங்களால் வந்தவை அல்ல. மன்னித்துவிட்டேன் என்று எழுதியதற்காக வெட்கப்படுகிறேன்.

துப்புரவு செய்யாத மூலப் பதிவை நான் எப்போதும் தனியாக வைத்திருப்பேன். அதை எடுத்துத் திரையில் பெரிதாக்கி எண்ணினேன். பிறகு தட்டையே உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நிமிடத்தில், ஒரு வரி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், நெல் அகலத்துக்குள் நாற்பத்தொரு குத்து. அதற்கு முந்தைய வரியின் தொடக்கத்தில் ஒன்பது. அதற்கும் முந்தையதில் ஆறு. பின்வரும் வரிகளிலும் இப்படியே, கூடியும் குறைந்தும். வரியின் நடுவில் எங்கும் இல்லை.

நான்கு நாளாக மற்ற தட்டுகளையும் பார்த்தேன். பதினான்கில் இதே மாதிரி இருக்கிறது. எல்லாவற்றிலும் என் கையெழுத்தில் தேதி. முதலாவது 1973, கடைசி 1990. பழைய கடையில் வாங்கியது ஒன்றும் இல்லை, எல்லாம் நான் புதிதாக வாங்கி உறை பிரித்துக் கொடுத்தவை.

ஏன் என்று தெரியவில்லை. மூன்று காரணங்கள் தோன்றுகின்றன. ஒன்று, அந்த இடங்களில் தூசி. இது சரியில்லை, தூசி வரியைப் பார்த்து உட்காராது. இரண்டு, அந்த வரிகள் அவளுக்குப் பிடித்திருந்தன. இருக்கலாம். ஆனால் பிடித்த பாட்டை முழுக்கக் கேட்பார்களே தவிர ஒரே வரியை நாற்பத்தொரு முறை கேட்பார்களா? மூன்று, பாட்டுப்பெட்டியிலேயே கோளாறு. இதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரு சம்பவமும் நினைவிருக்கிறது. ஒருநாள் காய்ச்சலோடு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் அக்கா கதவைத் திறக்கச் சற்று நேரம் பிடித்தது. பெட்டியின் மேல் பையை வைத்தபோது மூடி நல்ல சூடாக இருந்தது. ஆனால் சுவிட்ச் அணைந்திருந்தது. மின்கசிவோ என்று பயந்து மறுநாளே ஆள் வரவழைத்துப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை என்றார். "வெயில் பட்டிருக்கும்" என்றாள் அவள். அந்தச் சுவரில் எந்த நேரத்திலும் வெயில் விழாது. அதை அப்போதே கவனித்தேன், சொல்லவில்லை.

எனக்கு விளங்கவில்லை என்பதே உண்மை. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதவும்.

அத்தான்

&nbsp;

ஏப்ரல் 2

அத்தான்,

பெட்டியில் கோளாறு இல்லை. நாலாவது காரணம் ஒன்று இருக்கிறது.

எங்கள் அக்காவுக்கு யாரும் முறையாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கவில்லை, அதற்கு வசதி இல்லை. வானொலி பழுது பார்ப்பவர் வீட்டில் ஒரு பாட்டுப்பெட்டி இருந்தது. அங்கே போய் உட்காருவாள். ஒரு வரியை ஓடவிடுவாள், முள்ளைத் தூக்குவாள், அதே வரியைத் தான் பாடிப் பார்ப்பாள். சரியாக வராவிட்டால் மறுபடியும் முள்ளைப் பழைய இடத்தில் வைப்பாள். வந்துவிட்டால் அடுத்த வரி. "முள்ளு தேயுது, தட்டு தேயுது, நீ மட்டும் தேய மாட்டியா தாயே" என்று அந்த வீட்டு அம்மா கத்துவார். தேய மாட்டாள். கஷ்டமான வரி என்றால் முப்பது நாற்பது தடவை ஆகும். பக்கத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணியிருக்கிறேன்.

நீங்கள் எண்ணியது அதைத்தான்.

பதினேழு வருடம், நீங்கள் அலுவலகத்துக்குப் போன பிறகு, பதினாலு தட்டு பாடம் பண்ணியிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வரும்போதுகூட அவள் பாடியதில்லை. விட்டுவிட்டாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

தபாலில் அனுப்ப மாட்டேன். இந்த வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். காலை வண்டி. சாப்பாட்டுக்கு ஒன்றும் விசேஷமாகச் செய்ய வேண்டாம், உங்கள் சமையல் எனக்குத் தெரியும்.

மைத்துனன்

&nbsp;

ஏப்ரல் 16

அத்தான்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கண்ணாடியை உங்கள் மேசையில் விட்டுவிட்டேன், பரவாயில்லை, பழையது வீட்டில் இருக்கிறது.

நீங்கள் பதிந்து கொடுத்த அக்கா பாட்டை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம். என் மகள் முதல் வரியிலேயே நிமிர்ந்து, "அத்தையா இது?" என்றாள். அவளுக்குத் தெரிந்த அத்தை, தொலைபேசியில்கூட ரகசியம் பேசுவது மாதிரி பேசுகிறவள். மேலே போகிற இடங்களில் துணி கிழிகிற மாதிரி கரகரக்கிறது. கடைசியில் பாட்டு பாதியில் நின்றுவிடுகிறது. மீண்டும் போடச் சொன்னாள். நாலு தடவை போட்டோம்.

நான் உங்களைக் குறை சொல்லவில்லை. பேருந்து நிலையம் வரை அந்த முழங்காலோடு வந்து, ஏதோ சொல்லப் போவது போல நின்றீர்கள். வண்டி கிளம்பும் வரை நின்றீர்கள். நானும் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அத்தான். கிடைத்தவரை லாபம். உரிந்துபோன தகட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

மைத்துனன்

&nbsp;

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பி,

பேருந்து நிலையத்தில் சொல்ல வந்ததை எழுதுகிறேன். எதிரில் ஆள் நின்றால் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். கண்ணாடியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அன்று நடந்ததை முதலில் உள்ளபடி எழுதி வைக்கிறேன். எந்தத் தட்டையும் நான் இரண்டு முறை ஓட்டுவேன், முதல் முறை அளவு பார்க்க. இதை இரண்டு முறை ஓட்ட முடியாது. பூச்சு நான்கு இடத்தில் விரிசல் விட்டிருந்தது, ஒரு ஓட்டம் தாங்கினாலே அதிர்ஷ்டம். ஆகவே அளவை அனுமானித்துத்தான் வைக்க வேண்டும். நான் திருகைக் கூட்டி வைத்தேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"அத்தான், கொறைச்சு வைங்க. அக்கா சத்தமாப் பாடுவா" என்றாய்.

"பழைய தட்டு, தாழ்ந்த குரல். கொறைச்சா இரைச்சல்தான் மிஞ்சும்."

"நான் பக்கத்துல நின்னு கேட்டவன்."

"நாப்பத்தாறு வருஷம் கூட இருந்தவன்டா நான்."

"இருந்தீங்க" என்றாய். நான் முள்ளை வைத்தேன்.

முதல் வரியின் நடுவிலேயே சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாவது வரியில் அணையவே இல்லை. திருகு என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. குறைத்திருந்தால் மீதிப் பாட்டாவது பழுதில்லாமல் கிடைத்திருக்கும். முப்பத்தாறு வருடம், கடைகடையாகப் போய், ஒரு முள் இம்மி பிசகினாலும் எடைத்தட்டை நிறுத்தியவன் நான். அன்று என் கை போகவில்லை. எவ்வளவு நேரம் பதிவானது என்பதுகூடப் பிறகு திரையில் பார்த்துத்தான் தெரிந்தது. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. அதன் பிறகு பூச்சு நாடாவாக எழும்பி முள்ளில் சுற்றிக்கொண்டதை நீயும் பார்த்தாய்.

பதிவைத் திரையில் விரித்தால், அவள் குரல் எழும் இடங்களிலெல்லாம் அலையின் உச்சி அளவுகோல் வைத்து வெட்டியது போலத் தட்டையாக இருக்கிறது. அதற்கு மேல் இருந்தது பதிவாகவே இல்லை. ஒரு வாரமாக மூன்று மென்பொருள்களில் முயன்றேன். இல்லாததை அவை ஊகித்துத்தான் நிரப்புகின்றன. நிரப்பியதைக் கேட்டேன், அது யாரோ. அழித்துவிட்டேன்.

என் கை ஏன் போகவில்லை என்பதைத்தான் உன்னிடம் சொல்ல நின்றேன். அந்தக் குரலை முதல்முறை கேட்கும் திகைப்பு என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படியே நம்பியிருந்தால் நன்றாக இருக்கும். முதல் முறை அல்ல. ஏற்கனவே ஒருமுறை அதை நான் கேட்டிருக்கிறேன் என்பது இரண்டாவது வரியில் நினைவுக்கு வந்துவிட்டது.

திருமணமாகி இரண்டாவது மாதம். மாடிப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். கீழே குடியிருந்தவர் என் மேலதிகாரி. மாலை ஆறு மணிக்கு நான் தெருவில் வரும்போதே அவள் பாடுவது கேட்டது. ஜன்னல் திறந்திருந்தது. மேலதிகாரி தன் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். கோபமாக இருந்தாரா, ரசித்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. படியேறிப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு அவளிடம், "கொஞ்சம் மெதுவா. கீழ அவர் இருக்கார்" என்றேன்.

"கேக்குதா?" என்றாள்.

"தெருவுக்கே கேக்குது."

அவள் சிரித்தாள். நான் பாராட்டியதாக நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, பாடாதே என்று சொல்லவில்லை. மறுநாள் மெதுவாகப் பாடினாள். அடுத்த மாதம் இன்னும் மெதுவாக. மூன்று வருடம் கழித்து அந்த வீட்டைக் காலி செய்தோம். புது வீட்டில் கீழே யாரும் இல்லை, பக்கத்தில் வெறும் மனை. இனி உரக்கப் பாடலாமே என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் தட்டுகள் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல கணவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டு, உறையின் மூலையில் தேதி போட்டேன்.

பெட்டியைப் பார்க்க ஆள் வரவழைத்த அன்று அவளை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் இருந்திருக்க வேண்டும். பயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

பதினான்கு தட்டுகளின் பதிவுகளையும் இத்துடன் அனுப்புகிறேன். முன்பு அனுப்பியதை அழித்துவிடு. இவற்றில் சொடுக்குகளை எடுக்கவில்லை. உன் மகளுக்குச் சொல், அவை இருக்கும் இடத்திலெல்லாம் அத்தை முள்ளைத் தூக்கிவிட்டுப் பாடியிருக்கிறாள் என்று.

அடுத்து எழுத வேண்டியதைத் தள்ளிப்போட வேறு விஷயம் தேடிக்கொண்டிருக்கிறேன். இனி இல்லை.

முதல் கடிதத்தில் ஆறு குறிப்புகள் எழுதினேன். மூன்றாவது தவறு என்று முன்பே ஒப்புக்கொண்டேன், அது எளிதாக இருந்தது. ஐந்தாவதில் இரண்டு பாதி உண்டு. அவள் குரல் இயல்பிலேயே தாழ்ந்தது என்ற முதல் பாதி தவறு என்று கருவியே காட்டிவிட்டது. அவள் பாட்டை விட்டதற்கு நான் காரணமில்லை என்ற இரண்டாம் பாதியும் தவறு.

அத்தான்